விட்டுப்போன பேர்

எங்கள் ஊர்சே தீவில் நாக்கை வைத்துப் பிழைத்த குடும்பம் ஒன்றே ஒன்றுதான். மற்றவர்கள் ஆடு, மாடு, வலை, படகு என்று எதையாவது கையில் பிடித்துப் பிழைத்தார்கள். ஃபெரகர் வீட்டுக்கு நாக்கே வயல், நாக்கே படகு. மக்டோரன் குலத் தலைவர்களின் பேரை, இன்றைய தலைவனில் தொடங்கி ஆதித் தகப்பன் டோரன் வரைக்கும், இருபத்தோரு தலைமுறை, ஒன்று விடாமல் சொல்ல வேண்டும். அதற்குக் கூலியாக மலையடிவாரத்தில் நல்ல பார்லி நிலம், வருஷத்துக்கு ஆறு ஆடு, விருந்தில் தலைவனுக்கு இடப்பக்கம் இருக்கை. வம்சஞ்சொல்லி என்றால் சும்மாவா? எதையும் எழுதி வைக்கக் கூடாது என்பது அந்தக் குடும்பத்தின் கட்டுப்பாடு. எழுதின பேரை எவனும் சுரண்டிவிடலாம், நாக்கில் இருக்கிற பேரை அழிக்க ஆளையே அழிக்க வேண்டும் என்று ஃபெரகர் இரண்டு குவளை பீர் உள்ளே போனதும் சொல்லுவான். சொல்லிவிட்டுத் தானே சிரிப்பான்.

அந்த வருஷம் வசந்தத்தில் கிழத் தலைவர் யாக்கன் செத்துப்போனார். எட்டாம் நாள் காலையில் அவருடைய இளைய மகன் டோர்க்கல் ஃபெரகருக்கு ஆள் அனுப்பினான்.

டோர்க்கல் சத்தம் போடுகிறவன் இல்லை. சத்தம் போடுகிறவனைச் சமாளித்துவிடலாம். இவன் மெதுவாகப் பேசுவான், எதிராளியைச் சாப்பிடச் சொல்லுவான், சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பான். அன்றைக்கும் வேகவைத்த கடற்பறவை முட்டைகளை முன்னால் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக ஓடு உரித்தான். உரித்த முதல் முட்டையை ஃபெரகர் பக்கம் தள்ளினான்.

நடக்க வேண்டியதைப் பேசினார்கள். வருகிற முழுநிலவுக்கு அடுத்த பகல் பாதக்கல்லில் பதவியேற்பு. டோரன் மிதித்ததாகச் சொல்கிற அந்தக் கல்லின் குழியில் வலது காலை வைத்து, வெள்ளைக் கோலைக் கையில் வாங்கி டோர்க்கல் நிற்பான். ஃபெரகர் வம்சம் சொல்லுவான். ஒவ்வொரு பேருக்கும் ஜனங்கள் ‘கேட்டோம்’ என்பார்கள். ஏழு பேராவது கேட்டோம் என்று சொல்லாத பேர் எங்கள் வம்சத்தில் ஒட்டாது. அது அரசன் வந்து சொன்னாலும் மாறாத சட்டம்.

ஆனால் அதற்கு முன்னால் இன்னொரு காரியம் இருந்தது. டோர்க்கலுக்கு ஓர் அண்ணன் இருந்தான், ஆலன். ஆறரை வருஷம் முன்னால் மான் வேட்டைக்குப் போனபோது பாறையிலிருந்து விழுந்து செத்தான். கூடப் போனது தம்பி ஒருத்தன்தான். யாரும் எதுவும் பார்க்கவில்லை. பார்க்காததைப் பற்றி எங்கள் ஊரில் எல்லோருக்கும் நன்றாகத் தெரியும். மூத்தவன் வம்சம் அற்றுப்போனால், இளையவன் பேரைச் சொல்லுமுன் மூத்தவன் வீட்டுக் கதவைச் சாத்த வேண்டும். அதாவது வம்சஞ்சொல்லி கல்லருகில் நின்று மூத்தவன் வரிசையைச் சொல்லி, ‘கதவு சாத்தியாச்சு’ என்று மூன்று தரம் சொல்ல வேண்டும்.

“அண்ணி பெத்த அந்தக் குழந்தை,” என்றான் டோர்க்கல், அடுத்த முட்டையை எடுத்துக்கொண்டே. “அதுக்குப் பேர் வெச்சாங்களா ஃபெரகர்?”

“இல்லீங்க. ஞானஸ்நானத்துக்கு முன்னாடியே போயிடுச்சு. தாயும் பிள்ளையும் ஒரே நாள்ல.”

“உன் பெண்டாட்டிதானே பிரசவம் பார்த்தது?”

“ஆமாங்க.”

“அப்ப பேரில்லை.”

“இல்லீங்க.”

“நல்லது. பேரில்லாததுக்கு வரிசையில இடமும் இல்லை. சாப்பிடு, ஆறிப்போவுது.”

ஃபெரகர் சாப்பிட்டான்.

ஃபெரகர் சொன்னது பொய். அந்தக் குழந்தை சாகவில்லை. ஆலன் செத்து ஒரு மாதம் கழித்து அவன் மனைவிக்குப் பிரசவ வலி எடுத்தபோது, ஃபெரகரின் மனைவி மார்சலி தன் சொந்தக் குழந்தையைப் பறிகொடுத்து இரண்டு நாள்தான் ஆகியிருந்தது. பிறந்ததும் செத்த பிள்ளை. இன்னும் புதைக்கக்கூட இல்லை, வெளியே யாருக்கும் சொல்லவும் இல்லை. பிரசவத்தில் தாய் கண்ணை மூடுமுன் மார்சலியின் கையைப் பிடித்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம்: “டோர்க்கல்.” மார்சலிக்கு அதுவே போதும். செத்த பிள்ளையை அந்தத் தாயின் பக்கத்தில் வைத்தாள். உயிருள்ளதைத் தன் சால்வைக்குள் மறைத்து, பால் கட்டியிருந்த தன் மார்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தாள். தலைவர்களின் கல்லறையில் கிடப்பது வம்சஞ்சொல்லி வீட்டுப் பிள்ளை. வம்சஞ்சொல்லி வீட்டில் ஆட்டுக்குட்டியைத் துரத்திக்கொண்டு திரிகிற லாக்லன்தான் ஆலனின் மகன். அயர்லாந்திலிருந்து படகில் வந்த ஒரு துறவி ரகசியமாகத் தண்ணீர் தெளித்து வைத்த நிஜப் பேர் நீயல். இது தெரிந்தது புருஷன், பெண்டாட்டி இரண்டே பேருக்கு. துறவியும் அடுத்த வருஷமே செத்துப்போனார். பையனுக்கே தெரியாது.

அந்தப் பேர் வெளியே வந்தால் டோர்க்கல் என்ன செய்வான் என்று யாரும் யாருக்கும் விளக்க வேண்டியதில்லை.

வீட்டுக்கு வந்து ஃபெரகர் விஷயத்தைச் சொன்னபோது மார்சலி ஓட்ஸ் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். ஃபெரகருக்குப் பயம் வேறு இடத்தில் இருந்தது. பாதக்கல்லருகில் பொய்ப் பேர் சொன்ன வம்சஞ்சொல்லி வருஷம் தாண்ட மாட்டான் என்பது தலைமுறை தலைமுறையாக அவன் வீட்டில் வந்த பேச்சு. அவனுடைய முப்பாட்டன் யாருக்கோ பயந்து ஒரு பேரை மாற்றிச் சொல்லி, அடுத்த மாதமே ஹெர்ரிங் மீன் முள் தொண்டையில் சிக்கிச் செத்தானாம். நாக்கு கறுத்து வெளியே தொங்கியதாம். இதை ஃபெரகர் சொல்லச் சொல்ல மார்சலி மாவைத் தட்டிக்கொண்டே இருந்தாள்.

“உன் நாக்கு அழுகினா நான் கஞ்சி கரைச்சு ஊத்தறேன்,” என்றாள் கடைசியில். “பிள்ளை கழுத்து போனா எதை ஊத்தறது?”

“நான் சொல்ல மாட்டேன்னா சொன்னேன்?”

“சாத்திடு. மூணு தரமில்லை, முப்பது தரம் சாத்து. அவன் பெரியவனாகட்டும், படகேத்தி அயர்லாந்துக்கு அனுப்பிட்டு அங்கே போய்த் திறப்போம். அதுவரைக்கும் அந்தப் பேரை இந்த வீட்டுக்குள்ள மூச்சாக்கூட விடக் கூடாது. உன்னைத்தான் சொல்றேன் மனுஷா. உனக்கு வாய் சும்மா இருக்காது.”

சரி சரி என்றான். அவள் சொன்னது நூற்றுக்கு நூறு நியாயம் என்று அவனுக்கே தெரியும்.

ஆனால் தொழில் என்று ஒன்று இருக்கிறதே, அது பாழாய்ப்போனது. வம்சஞ்சொல்லிகள் பாடம் பார்ப்பதற்கு ஒரு முறை வைத்திருந்தார்கள். பகலிலேயே கொட்டகைக் கதவை அடைத்து, சன்னல் ஓட்டையில் வைக்கோல் திணித்து, இருட்டில் மல்லாந்து படுத்து, வயிற்றின் மேல் ஒரு கனத்த கல்லை வைத்துக்கொள்ள வேண்டும். கல்லின் பாரத்தில் மூச்சு அளவாக வரும், பேர்கள் வரிசை தப்பாது. பதவியேற்புக்கு முந்தின இருபது நாளும் ஃபெரகர் இப்படிப் படுத்தான். பொய் வரிசையைப் பாடம் பார்த்தான். ஆலன், யாக்கன் மகன். யாக்கன், சிவப்புக் கை ரோரி மகன். ரோரி, ஒற்றைக்கண் அங்கஸ் மகன். இப்படியே டோரன் வரைக்கும் போய், கதவு சாத்தியாச்சு, கதவு சாத்தியாச்சு, கதவு சாத்தியாச்சு.

சொல்லி முடித்ததும் உடம்பெல்லாம் அரித்தது. கெட்டுப்போன மீனைத் தின்றவன் நல்ல தண்ணீர் தேடுகிற மாதிரி அவன் நாக்கு நல்ல வரிசையைத் தேடியது. ஒரு தரம், ஒரே ஒரு தரம், சரியாகச் சொல்லிவிட்டால் என்ன? நிஜ வரிசை ஒரு வாயிலாவது உயிரோடு இருக்க வேண்டாமா? தான் நாளைக்கே முள் சிக்கிச் செத்தால் அந்தப் பிள்ளையின் பேர் தன்னோடு மண்ணுக்குப் போய்விடாதா? இப்படி நியாயம் கற்பித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தி, “நீயல், ஆலன் மகன். ஆலன், யாக்கன் மகன்” என்று தொடங்கி டோரன் வரை சொன்னான். அப்பாடா என்று இருந்தது. மறுநாளும் சொன்னான். அப்புறம் தினமும் சொன்னான். நுணலும் தன் வாயால் கெடும் என்பது சும்மா வந்த பழமொழியா?

ஒரு நாள் கொட்டகை மூலையில் அடுப்புக்கென்று அடுக்கியிருந்த எரிகரிக் கட்டிகளுக்குப் பின்னால் ஏதோ சின்னச் சத்தம் கேட்டது. ஃபெரகர் வயிற்றுக் கல்லைத் தள்ளிவிட்டு எழுந்து, செருப்பைக் கழற்றி எறிந்தான். கொக்கரித்துக்கொண்டு ஒரு கோழி கட்டிகளுக்குப் பின்னாலிருந்து ஓடி வந்தது. சனியன் என்று திட்டிவிட்டு மறுபடியும் படுத்தான். அந்தச் சத்தம் கோழியுடையதுதானா என்று போய்ப் பார்த்திருக்கலாம். பார்க்கவில்லை.

பதவியேற்பு நாளில் லாக்லனை அக்கரையில் தன் அக்காள் வீட்டில் விட்டுவிட வேண்டும் என்று மார்சலி முன்பே திட்டம் போட்டிருந்தாள். முந்தின நாள் டோர்க்கலின் ஆட்கள் வீடு வீடாக வந்தார்கள். தொட்டில் பிள்ளை உட்பட எல்லாத் தலையும் கல்லடிக்கு வர வேண்டும், வராத வீடு எது என்று எண்ணிப் பார்ப்போம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அவர்கள் எங்கள் தீவு ஆட்களே இல்லை. வடக்கேயிருந்து கூலிக்குக் கொண்டுவந்த நூறு பேர். ஆளுக்கொரு கோடரி.

அன்றைக்குக் காலையில் காற்று அடியோடு நின்றுபோயிருந்தது. ஊர்சேயில் காற்று நிற்பது என்பது நல்லதற்கில்லை. கடல் அசையவில்லை. எப்போதும் கரைப் பாறையில் படுத்துக் கிடக்கிற கடல்நாய்களில் ஒன்றைக்கூடக் காணோம். கிழவர்கள் கடலைப் பார்த்தார்கள், ஒருவரையொருவர் பார்த்தார்கள், பேச்சை மாற்றினார்கள். நாங்கள் முந்நூறு பேர் பாதக்கல்லைச் சுற்றி அரைவட்டமாக நின்றோம். எங்களைச் சுற்றிக் கோடரிக்காரர்கள் நின்றார்கள்.

முன்வரிசையில் முர்டோ நின்றான். அவன் ஆலனோடு ஒரே தாயிடம் பால் குடித்து வளர்ந்தவன். ரத்த உறவு இருபது தலைமுறை, பால் உறவு நூறு தலைமுறை என்று எங்களிடம் ஒரு பேச்சு உண்டு. குடித்துவிட்டால் முர்டோ அதைச் சொல்லாமல் இருந்ததில்லை. ஆலன் ரத்தத்தில் ஒரு துளி மிச்சம் இருந்திருந்தால் அதற்காக உயிரைக் கொடுப்பேன் என்று மேசையைக் குத்துவான். அவன் பின்னால் கொல்லன், படகுத் தச்சன், ஆலன் இருந்த காலத்தில் அவனோடு வேட்டைக்குப் போய்வந்த நாலு பேர். ஃபெரகர் அவர்களையெல்லாம் ஒரு பார்வை பார்த்துக்கொண்டான். மார்சலி நாலாம் வரிசையில் பையனின் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டோர்க்கல் வலது காலின் செருப்பைக் கழற்றி, கல்லின் குழியில் பாதத்தை வைத்தான். வெள்ளைக் கோல் இன்னும் கைக்கு வரவில்லை. முதலில் கதவு. ஃபெரகர் தொண்டையைச் செருமிக்கொண்டான். முள், கறுத்த நாக்கு, முப்பாட்டன் எல்லாம் ஒரு கணம் கண்முன் வந்து போயின. சாத்திவிடு, பிள்ளை பிழைக்கட்டும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான்.

“மூத்தவன் வரிசை,” என்றான் உரக்க. “ஆலன், யாக்கன் மகன்.”

“கேட்டோம்,” என்றோம்.

“யாக்கன், சிவப்புக் கை ரோரி...”

“அப்பா, நீ நீயலை விட்டுட்டே.”

நாலாம் வரிசையிலிருந்து, கணீரென்ற குரல். மார்சலியின் கை அவன் வாயைப் பொத்தப் போகுமுன் பையன் மீதியையும் சொல்லி முடித்துவிட்டான். “நீயல், ஆலன் மகன்னுதானே முதல்ல வரும்? தினமும் அப்படித்தானே சொல்வே.”

கொஞ்சம் பேர் சிரித்தார்கள். வம்சஞ்சொல்லிக்கே தப்புக் கண்டுபிடிக்கிற பிள்ளை என்றால் சிரிப்பு வராதா? அப்புறம் கிழவிகள் மனதுக்குள் கணக்குப் போட்டது முகத்தில் தெரிந்தது. ஆலனுக்கு மகன். பேரில்லாமல் செத்ததாகச் சொன்ன மகன். செத்த பிள்ளைக்குப் பேர் ஏது? சிரிப்பு வரிசை வரிசையாக அணைந்தது.

டோர்க்கல் மட்டும் சிரித்த முகமாகவே இருந்தான். கல்லிலிருந்து இறங்கவில்லை. பையனைத் தன்னிடம் வரும்படி விரலால் கூப்பிட்டான். மார்சலி விடவில்லை. இரண்டு கோடரிக்காரர்கள் வந்து அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தார்கள். அவள் சத்தம் போடவில்லை, விரல்களைத்தான் மறுபடி மறுபடி மூடினாள்.

“உனக்கு என்ன வயசு கண்ணு?”

“ஆறு. அறுவடைக்கு ஏழு.”

“நீயல் யாரு?”

“தெரியாது. அப்பா கொட்டகைக்குள்ள படுத்துக்கிட்டு சொல்வார். நான் கரிக்குப் பின்னாடி உட்கார்ந்துக்கிட்டு கேட்டோம், கேட்டோம்னு மெதுவா சொல்வேன். அவருக்குத் தெரியாது.” பையன் அப்பாவைப் பார்த்து வெட்கமாகச் சிரித்தான். ரகசியத்தை இப்போதுதான் உடைத்த பெருமை அவன் முகத்தில்.

ஃபெரகருக்கு அந்தக் கோழி ஞாபகம் வந்தது.

டோர்க்கல் பையனின் தலையில் கையை வைத்தான். இருபத்தோரு பேரையும் கேட்டே மனப்பாடம் செய்த பிள்ளை சாதாரணப் பிள்ளையா என்று எல்லோருக்கும் கேட்கும்படி மெச்சினான். இப்படிப்பட்டது கொட்டகையில் கிடக்கக் கூடாது, இன்றிலிருந்து என் வீட்டில், என் வளர்ப்புப் பிள்ளையாக வளரட்டும் என்றான். தலைவன் ஒரு வீட்டுப் பிள்ளையை வளர்க்கக் கேட்டால் அதைவிடப் பெரிய மரியாதை எங்களிடம் இல்லை. மறுத்தவன் இதுவரைக்கும் இல்லை. விருந்து முடிந்ததும் படகில் கூட்டிப்போவதாகவும் சொன்னான். தலைவன் கோட்டை எதிரேயிருக்கிற சின்னத் தீவில். நடுவில் ஆழமான நீரோட்டம்.

“படகுல நான் துடுப்புப் போடலாமா?” என்று கேட்டான் லாக்லன்.

“போடலாமே.” டோர்க்கல் அவனுக்குத் தன் சுண்டுவிரலைப் பிடிக்கக் கொடுத்தான். பிறகு திரும்பினான். “ஃபெரகர், சின்னப் பிள்ளை குறுக்கே பேசிடுச்சு, பரவாயில்லை. மறுபடி ஆரம்பி. கதவைச் சாத்து.”

ஃபெரகர் பையனைப் பார்த்தான். இப்போது சாத்தினால் என்ன ஆகும் என்பது பளிச்சென்று தெரிந்தது. பேரில்லாத பிள்ளை படகிலிருந்து விழுந்தால் அது வம்சஞ்சொல்லியின் பிள்ளை, பாவம், நீச்சல் தெரியாது, அவ்வளவுதான். வரிசையில் ஏறின பிள்ளை விழுந்தால் அது கொலை. முந்நூறு பேர் கேட்டோம் என்று சொன்ன பேரை டோர்க்கல்கூடத் தொட யோசிப்பான். முந்நூறு வேண்டாம், ஏழு போதும். முர்டோ ஒன்று. கொல்லன் இரண்டு. தச்சன் மூன்று. வேட்டைக்காரர்கள் நாலு பேர். சரியாக ஏழு. நாற்பது வருஷமாக இந்த நாக்கால் தின்றாயிற்று, இன்றைக்கு ஒரு நாள் அது வேலை செய்யட்டும்.

“மூத்தவன் வரிசை,” என்றான். குரல் ஆடவில்லை. “நீயல், ஆலன் மகன். இதோ, தலைவர் விரலைப் பிடிச்சுக்கிட்டு நிக்கறது. என் மனைவி பால் கொடுத்தா. என் பிள்ளைதான் கல்லறையில கிடக்கு. கல்லுக்கு முன்னால சொல்றேன். நீயல், ஆலன் மகன்.”

சொல்லிவிட்டு நிறுத்தினான். ‘கேட்டோம்’ வருவதற்கு விடுகிற மூச்சளவு இடம், தகப்பன் பாட்டன் காலத்திலிருந்து விட்டுவந்த அதே அளவு இடம் விட்டான்.

ஒருவரும் பேசவில்லை. கோடரிக்காரர்கள் ஓரடி முன்னே வந்தார்கள், ஓரடிதான். ஃபெரகர் முர்டோவைப் பார்த்தான். முர்டோவின் வாய் திறந்தது. திறந்த வாய் அப்படியே நின்றது, பிறகு மூடியது. அவன் குனிந்து தன் செருப்பு வாரைப் பார்த்தான், அது அவிழ்ந்திருப்பதுபோல. கொல்லன் கடலைப் பார்த்தான். தச்சன் மனைவி அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். நாங்கள் முந்நூறு பேரும் நின்றோம், மூக்கும் கண்ணும் காதும் உள்ள முந்நூறு பேர். கேட்கவில்லை என்று எவனாவது சொல்ல முடியுமா? எல்லோருக்கும் கேட்டது. கேட்டோம் என்று சொல்லத்தான் ஒரு வாய் இல்லை. சொல்லவே கூசுகிறது, ஆனால் நடந்தது அதுதான்.

“நீயல், ஆலன் மகன்,” என்றான் ஃபெரகர் மறுபடியும். இந்தத் தரம் அது கெஞ்சல்.

“கேட்டோம்!”

லாக்லன்தான். டோர்க்கலின் விரலைப் பிடித்தபடி, கரிக்கட்டிக்குப் பின்னால் மெதுவாகச் சொல்லிச் சொல்லிப் பழகின வார்த்தையை முதல் தரமாக வாய்விட்டு, முழுக் குரலில் சொன்னான். அப்பா கடைசியில் சரியாகச் சொல்லிவிட்டார் என்ற சந்தோஷம் அவனுக்கு.

அடுத்து மார்சலி சொன்னாள், “கேட்டோம்.” இரண்டு.

டோர்க்கல் கல்லின் மேல் நின்று பொறுமையாகக் காத்திருந்தான், வேறு யாராவது சொல்கிறார்களா என்று எல்லா முகத்தையும் ஒரு சுற்றுப் பார்த்தான். அப்புறம் குனிந்து கழற்றிவைத்த செருப்பை மாட்டிக்கொண்டு, விருந்துக்குக்கூட நிற்காமல், பையனைக் கூட்டிக்கொண்டு படகுத்துறைக்கு நடந்தான்.